வலது முன் சக்கரம்

பர்லியாரிலிருந்து மேலே ஏறும்போதுதான் கேட்டது.
இடப்பக்க வளைவில் ஒரு முனகல்,
வலப்பக்க வளைவில் ஒன்றுமில்லை.
ஏழாவது கொண்டையூசி தாண்டி
ஆளில்லாத ரோட்டில் வேண்டுமென்றே
பாம்பு மாதிரி ஓட்டிப் பார்த்தேன்.
பாரம் எந்தப் பக்கம் விழுகிறதோ
அந்தப் பக்கம் உறுமும்.
சந்தேகமில்லை. வலது முன் சக்கரம்.

எத்தனை மாதமாக இருந்திருக்குமோ.
நீ பக்கத்து சீட்டில் இருந்தவரை
பேசிக்கொண்டே வருவாய் செல்வின்:
பாக்கு மண்டி விலை,
உன் அக்கா வீட்டுப் பாகப் பிரிவினை,
கான்வாஸ் கூரை ஒழுகுவதில் என் பங்கு.
இரண்டே சீட்டு கார்.
ஒரு பேரிங் சாவதைக் கேட்க
அதில் இடமிருக்கவில்லை.

அறுபத்தெட்டு மாடல். எனக்கு ஆறு வயது மூத்தது.
சிவப்பு வெளிறிக் கொய்யாப்பழத்தின் உள்நிறம் ஆகிவிட்டது.
ஜாக்கியில் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து,
பன்னிரண்டு மணியிலும் ஆறு மணியிலும் கை வைத்து
ஆட்டினேன்.
விழப்போகும் பல் போல் ஆடியது.

உள்ளே கிரீஸ் கருப்பட்டிப் பாகாய்.
உருளைகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன.
கப்பின் உள்முகத்தில் அம்மைத் தழும்பு;
நகத்தை ஓட்டினால் தடுக்குகிறது.
பித்தளைக் கம்பியும் சுத்தியுமாக
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தட்டினேன்,
மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு,
கோணாமல்.

கோயம்புத்தூர் கடைக்காரர் காலிப்பரை வைத்துப் பார்த்து
"டிராக்டர் டிரெய்லருக்கும் இதே நம்பர்தான் மேடம்" என்றார்.
எண்ணூற்று முப்பது ரூபாய்.
போகட்டும்.

புதுக் கப் சுருங்க வேண்டும், ஹப் விரிய வேண்டும்.
கப்பை ஃப்ரீசரில் மத்தி மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஹப்புக்கு, அடுத்த வீட்டு உம்மரின் பேக்கரி அடுப்பு,
சாயங்கால வர்க்கி இறங்கியதும்.
"நாளைக்கு வர்க்கியில கிரீஸ் வாசம் அடிச்சா
உங்க பேரச் சொல்லிருவேன்" என்றார்,
ஆனால் தட்டை அவரே துடைத்துக் கொடுத்தார்.

அரை மணி நேரம்.
சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினால்
என் கேட்டை அடைத்தபடி காட்டெருமை.
முழங்கால்வரை வெள்ளைச் சாக்ஸ்,
வாயில் என் பீன்ஸ் கொடி.
குன்னூரில் இதற்கு யாரும் கத்துவதில்லை.
நிற்போம். அது போகும்.
மூடுபனி இறங்கி அதன் முதுகை மட்டும் விட்டுவைத்தது.

உன்னை நினைத்தேன் என்று சொல்லமாட்டேன்.
நினைத்தது இது: ஹப் ஆறுகிறது.
சாக்கைத் தாண்டிச் சுட்ட சூடு
தேநீர்க் குவளையின் சூடாகி
காய்ச்சல் நெற்றியின் சூடாகி
பிறகு வெறும் இரும்பானது.
கொடி தீர்ந்ததும்
யாருக்கோ வழிவிடுவதுபோல் நகர்ந்தது அது.

"குடுங்க, இன்னொருக்கா வைப்போம்" என்றார் உம்மர்.
விறகு அவர் காசு.

இரண்டாம் முறை ஓடினேன்.
உறைபனி படிந்த கப்பை வாயில் வைத்ததும்
சுத்தியே வேண்டியிருக்கவில்லை.
டக்.
அவ்வளவுதான்.
அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க
கழற்றி மாட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

உருளைக்கு உருளை கிரீஸ் பிதுங்க அப்பி,
நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி
(இந்தக் கொஞ்சத்துக்குப் புத்தகத்தில் அளவு இருக்கிறது,
கைக்கு வேறொன்று தெரிகிறது)
காட்டர் பின்னை மடக்கினேன்.

காலையில் சிம்ஸ் பார்க் தாண்டி ஓட்டினேன்.
இடப்பக்க வளைவு: ஒன்றுமில்லை.
டயருக்கடியில் ஈர யூகலிப்டஸ் இலை நொறுங்குவது கேட்டது.
டேஷ்போர்டு கடிகாரம் ஓடுகிறது என்பதே
இன்றைக்குத்தான் தெரியும்.
இன்னொரு இடப்பக்கம். ஒன்றுமில்லை.

அப்புறம் வலப்பக்க வளைவு ஒன்றில்,
மெல்ல,
தொண்டையைச் செருமுவதுபோல்,
இடது முன் சக்கரம்.

உம்மரிடம் இன்னும் சொல்லவில்லை.