கூலி என்றொரு வரி

ரசீதுப் புத்தகம், கார்பன் தாளோடு நாற்பது ரூபாய்.
முதல் பக்கத்தில் எழுதினேன்:
வாகைப் பலகை. வேம்பில் கால் நான்கு.
திருகாணி, பசை, உப்புத்தாள்.
ஆனையூரிலிருந்து கோரிப்பாளையத்துக்குத் தட்டு ஆட்டோ.
அடுத்து கூலி.
பேனா அங்கே நின்றுகொண்டது.

மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும்
மொட்டைமாடித் தகரத்தின் கீழே
யாரும் கேட்காத ஸ்டூல்களைச் செய்தேன்.
ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு
இழைப்புளி எதற்கு என்றார்கள்.
எதற்கென்று எனக்கும் தெரியாது.
போன மாசம் மீட்டர் பார்க்க வந்தவர்
சத்தம் கேட்டு மாடியேறினார்.
"வீட்டு லைன்ல தொழில் ஓட்டக் கூடாதும்மா."
தொழில் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

மெஹருன்னிசாவுக்குத் துணி வெட்ட மேஜை.
"குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு"
என்று தன் டேப்பைத் தன் மேலேயே வைத்து
முப்பத்தாறரை என்றாள். முன்பணம் தந்தாள்.

இன்று இறக்கி வைத்ததும் ஆடியது.
என் வீட்டில் என்றால்
காலண்டர் அட்டையை மடித்து அண்டைக் கொடுத்திருப்பேன்.
இங்கே மண்டி போட்டு,
கன்னத்தைத் தரையில் ஒட்டிப் பார்த்தேன்.
"ஒரு நூல் ஜாஸ்தி."
அவள் எழுந்து நூற்கண்டுப் பெட்டியைத் திறந்தாள்.
"என்ன கலர்?"
அங்குலத்தில் எட்டில் ஒன்று என்று
விளக்குவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.
உளியால் சீவினேன். நின்றது.
கையூன்றி அழுத்திப் பார்த்தாள், நின்றது.

இப்போது அதே மேஜையில் வைத்துத்தான்
கூலியை எழுத வேண்டும்.
ஊரார் நோய்க்கெல்லாம் தொகை அடிக்கிற விரல்
என் ஒரு மணிக்கு எவ்வளவு என்று கேட்டால்
விழிக்கிறது.
அறுத்தது, இழைத்தது, துளையிட்டது, சரி.
பலகை வந்து இறங்கிய அன்று
அதன் ரேகையைத் தடவிக்கொண்டு
உலை பொங்குவதும் தெரியாமல் நின்றேனே
ஒரு முக்கால் மணி,
அதைச் சேர்ப்பதா?

சேர்க்கவில்லை.
ஆயிரத்து எண்ணூறு என்று அழுத்தி எழுதினேன்,
கார்பன் தாளுக்கும் கேட்கும்படி.

"ஒரு இருநூறு கொறைச்சுக்கயேன்,"
என்கிறாள் மெஹருன்னிசா.
அவள் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது
அவளே மார்க்கரில் எழுதிய அட்டை:
பிளவுஸ், லைனிங் வைத்தால் முந்நூற்றைம்பது.
கூலியில் பேரம் பேசாதீர்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அட்டையைப் பார்த்தேன்.