குன்றம் வரை ஒரு டிக்கெட்

பிரிஸில்லா அக்கா மலைக்குப் போய்வந்து
மூன்று நாளாக அதே பேச்சு.
அடிவாரத்திலேயே வேனை நிறுத்திவிடணுமாம்.
கையில் ஒரு டோக்கன். வரிசை.
மேலே போக அவங்க பஸ்தானாம்,
கால்மணிக்கு ஒண்ணு.
ஏரிக்கரையில் இருபது நிமிஷம்.
டிரைவர் ஹாரன் அடித்தால்
தண்ணியை அப்படியே விட்டுட்டு ஓடிவரணும்.
"நாலு ஏரி பார்த்தேன்டி," என்றாள்,
"எது எதுன்னு போட்டோவுல இப்போ தெரியல.
எல்லாத்துலயும் என் தலைதான் பெருசா இருக்கு."

எங்களுக்கும் ஆசைதான்.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
லோகு கணக்குப் போட்டான்:
ரயில், ரூம், சாப்பாடு, மோனிஷாவுக்கு ஸ்வெட்டர்.
ஸ்வெட்டர் வரை வந்து பேனாவை மூடினான்.
கொருக்குப்பேட்டையில் அதை
அப்புறம் யார் போடுவது?

அரைப்பரீட்சை லீவில் ஒரு செவ்வாய்க்கிழமை,
யார்டில் அவனுக்கு ஷிப்ட் இல்லாத நாள்,
எலுமிச்சை சோறு கட்டிக்கொண்டு
மூலக்கடையில் நின்று
செங்குன்றம் பஸ் ஏறினோம்.
பேரிலேயே குன்றம் இருக்கிறதே, போதாதா?

மாதவரம் ரவுண்டானாவில்
ஆந்திரா லாரிகள் எங்களைச் சூழ்ந்துகொண்டு
அரைமணி நேரம் புகை விட்டன.
"மலைப்பனி," என்றான் லோகு.
ஜன்னலை இறக்கினேன். பாதியில் சிக்கிக்கொண்டது.
புழல் ஜெயில் நிறுத்தத்தில்
பிஸ்கட்டும் புதுத் துண்டும் பையில் வைத்திருந்த ஒருத்தி
"இருபது நிமிஷம்தாங்க விடுவாங்க" என்று
யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

காவாங்கரை தாண்டியதும் மோனிஷா ஆரம்பித்தாள்.
"மலை எங்கப்பா?"
"வரும்."
லோகு வெளியே பார்த்தான்.
அரிசி மில், அரிசி மில், டயர் கடை, அரிசி மில்.
"எங்கப்பா?"
கண்டக்டர்தான் பதில் சொன்னார்:
"மலை எப்பவோ இறங்கிப் போச்சு பாப்பா.
நீங்களும் இறங்குங்க, இதான் கடைசி."

கரைமேல் ஏறப் படிகள் இருந்தன.
இருபத்தொன்று என்று எண்ணினாள்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அதையே மலை என்று ஒப்புக்கொண்டாள்.

மேலே போனால்
தண்ணீர்.

கடலைத் தினம் பார்க்கிறவர்கள்தான் நாங்கள்.
கடல் வேற.
கடலை யாரும் குடத்தில் பிடிப்பதில்லை.
இது அந்தப் பக்கம் வரைக்கும் நல்ல தண்ணீர்.
நடுவில் ஒரு கம்பத்தின்மேல்
நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக்
கொடியில் போட்டதுபோல் காயவைத்துக்கொண்டிருந்தது.
வேலியில் ஒரு பலகை:
குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது.
பார்ப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
பார்த்தோம்.

"இந்தத் தண்ணி எங்க போவும்?"
லோகு சொல்ல வாயெடுத்தான்.
அதற்குள் எனக்கு உறைத்துவிட்டது.

ஒருநாள் விட்டு ஒருநாள்
விடியற்காலை ஐந்தரைக்கு
எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கிற லாரி.
வீட்டுக்கு எட்டுக் குடம்.
டோக்கன். வரிசை.
நைட்டிமேல் துண்டைப் போட்டு ஓடி,
டியூப்பைப் பிடுங்கி,
ஒருதடவை மெகருன்னிசாவின் குடத்தை நெளித்து,
இரண்டு மாதம் பேசாமல் இருந்து.
இருபது நிமிஷம்.
அப்புறம் லாரி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

வடிகட்டி, மருந்து போட்டு,
குலுங்கிக் குலுங்கி,
வழியெல்லாம் கொஞ்சம் சிந்திக்கொண்டு
இதுதான் எங்களைப் பார்க்க வந்துபோயிருக்கிறது
இத்தனை வருஷமும்.
நாங்கள்தான்
அது எங்கே குடியிருக்கிறது என்று கேட்கவில்லை.

சோற்றைச் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டோம்.
கழுவ வேண்டும்போல் தோன்றவில்லை.
மோனிஷா போட்டோ எடுத்தாள்.
எங்கள் இரண்டு பேர் தலையும்
அதில் கால்வாசிகூட விழவில்லை.

கீழே ரோட்டில் ஒரு ஹாரன்.
எங்கள் பஸ் இல்லை. பஸ்ஸே இல்லை.
ஆனாலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
நாலு படி இறங்கிவிட்டேன்.
ஐந்தாவது படியில்தான்
இடுப்பில் குடம் இல்லாதது தெரிந்தது.