ஆறு

நான்கு வினாடி ரத்தம்.
கரடியின் பல் இரண்டு முறை.
கெட்ட வார்த்தை ஒன்று,
அதுவும் அருவி இரைச்சலில் பாதி மூழ்கியது.
படிவத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒஸ்லோவில் ஜன்னல் இல்லாத அறை.
பக்கத்து நாற்காலியில் ஏய்வின்
இருட்டிலேயே ஆரஞ்சு உரிக்கிறான்.
பதினோரு வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு,
எந்தப் பயம் எந்த வயதுக்குப் பொருந்தும் என்று
செருப்புக்கடைக்காரரைப் போல அளவு சொல்வது.

படம் இவ்வளவுதான்:
தகப்பன், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய்.
சின்ன விமானம் காட்டில் விழுகிறது.
விமானிக்கு ஒன்றும் இல்லை என்கிறது ஒரு வசனம்,
அதற்குப் பிறகு அவரைக் காணோம்.
எழுபது கிலோமீட்டர் நடக்கிறார்கள்.
கரடி வருகிறது,
அதற்கு முன்னாலேயே இசை வந்துவிடுகிறது.
பிறகு ஆறு.
கட்டைகளைப் பிணைத்த தெப்பத்தில்
மூன்று பேருக்குத்தான் இடம்.
நாய் கரையில் நிற்கிறது.
குரைக்கவில்லை.
ஒரு முன்னங்காலைத் தண்ணீரில் வைத்து
எடுத்துக்கொள்கிறது.
'பின்னாலேயே நீந்தி வரும்' என்கிறார் தகப்பன்.
அடுத்து ஹெலிகாப்டர், அணைப்பு, வெயில்,
கீழிருந்து மேலே ஏறும் பெயர்கள்.

'பன்னிரண்டு' என்றான் ஏய்வின், கரடிக்காக.
தயாரிப்பாளரின் கடிதம் ஆறு கேட்டது:
குடும்பப் படம், பாருங்கள், நாய்கூட இருக்கிறது.

அதனால்தான் காவுட்டோகெய்னோவுக்குப் போனோம்.
பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பள்ளிக்கூட வாசலில் நாற்பது ஜோடி பூட்ஸ்
தத்தம் குட்டையில் நின்றன.
பிள்ளைகள் கலைமான் மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள்.
என் நான்கு வினாடி ரத்தம் ஓடியபோது
ஒருத்தி காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.
முயலை அறுக்கும் இடத்தில்
'கத்தி மொக்கை' என்றது பின்வரிசை.
கரடிக்குச் சிரித்தார்கள்.
'தின்னு தின்னு வயிறு தொங்குது பார்,
இது யாரோ வளர்க்கிற கரடி' என்றாள் ரிஸ்தின், எட்டு வயது.
ஈர விறகோடு தகப்பன் மல்லாடும்போது
ஏழு வயது நீல்லாஸ் எழுந்தே நின்றுவிட்டான்:
'பட்டை! பின்னாடி பிர்ச் மரம் நிக்குது,
பட்டையை உரி!'
ஆசிரியை அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.
தகப்பனுக்குக் கேட்கவில்லை.

ஆறு வந்தது.
காலுறைகள் அசையவில்லை.
எனக்கு ஹீட்டரின் சத்தம் கேட்டது.

விளக்கைப் போட்ட பிறகும்
நீல்லாஸ் ஒற்றை பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான்.
'நாய் வந்துச்சா?'
ஏய்வின் தன் பையில் எதையோ தேடினான்.
'வந்திருக்கும்' என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்,
கால் வைக்கும் முன் ஏரிப் பனியைப் பார்ப்பது போல.
'நீங்க பார்த்தீங்களா?'
இல்லை.
மற்ற பூட்ஸையும் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பும் விமானத்தில்
காபிக்கும் ரொட்டிக்கும் நடுவே படிவத்தை விரித்தேன்.
வன்முறைக்குக் கட்டம் இருந்தது.
ஆயுதத்துக்கு, போதைக்கு, நிர்வாணத்துக்கு.
விட்டுவிட்டுப் போவதற்கு இல்லை.
அதைப் பற்றி நல்ல குரலில் பொய் சொல்வதற்கும் இல்லை.
'பிற' என்ற இடத்தில் இரண்டு வரிதான் தந்திருந்தார்கள்.
கரையில் நாய், பதினேழு வினாடி என்று எழுதினேன்.
வயது என்ற இடத்தில்
ஆறு என்று எழுதினேன்.
ஆறவில்லை.
அடித்துவிட்டு ஒன்பது.
ஏய்வினும் கையெழுத்துப் போட்டான், கரடிக்காக.

ஏப்ரலில் டிராம் நிறுத்தத்தில் சுவரொட்டி.
மூலையில் என் எண், ஒரு வட்டத்துக்குள்.
நடுவில் தெப்பம்.
அதில் நான்கு பேர்.
எல்லோருக்கும் முன்னால்
நாக்கைத் தொங்கவிட்டபடி
நாய்.

காவுட்டோகெய்னோவுக்கும்
ஒன்று அனுப்பியிருப்பார்கள்.
நீல்லாஸ் பார்த்திருப்பான்.