பின் பிரேக்

மழை விட்டிருந்த ஞாயிறு மத்தியானம்,
நோர்வூட்டில் வாடகை அறையின் வாசலில்
சீனிச் சாக்கை விரித்து
பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றினேன்.
வியாழக்கிழமை கொழுந்து லொறிக்கு முன்னால்
ஒரு முழத்தில் தப்பியவன்.
கராஜில் கூலி மட்டும் ஆயிரத்து இருநூறு.
அது செவனம்மாவின் ஒரு கிழமைத் தவணை.
இப்போதெல்லாம் எந்த விலையையும்
யாராவது ஒருத்தியின் பெயரில்தான் கூட்டுகிறேன்.

போனில் ஒருவன் ஹிந்தியில் சொல்லிக்கொண்டே கழற்றுகிறான்.
வாய் புரியவில்லை, கை புரிகிறது.
முதலில் ஊசியைத் தளர்த்து.
பிறகு பன்னிரண்டாம் நம்பர் சாவிக்கு இரண்டு போல்ட்.
கலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதே என்று
விரலை ஆட்டுகிறான்.
துணி காயும் கம்பியில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினேன்.

பேட் இரண்டும் கையில் விழுந்தன.
வெளிப்பக்கத்தது பாதி மிச்சம்.
உட்பக்கத்ததில் ஒன்றுமே இல்லை,
வெறும் இரும்பு, டிஸ்க்கைக் கீறிக் கீறிப் பளபளத்தது.
துருவேறிய ஊசி ஒன்று அசைய மறுத்து
சுமை முழுதையும் ஒரு பக்கத்துக்கே தள்ளியிருக்கிறது.
குழுக்கடனும் அப்படித்தான்.
ஐந்து பேர் கையெழுத்து, ஒருத்தி கட்டுவாள்.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து கிரீஸ் பூசினேன்.
ஒயில் குடுவையின் மூடியைத் திறந்து
பழைய பெனியனைச் சுற்றினேன்,
ஒரு சொட்டு சிந்தினாலும் பெயிண்டைத் தின்னும்.
தேய்ந்த தகட்டை வைத்து டயர் லீவரால்
பிஸ்டனை மெல்ல உள்ளே அமுக்க
ஒயில் எழும்பி விளிம்பில் நின்றது,
அழப்போகிறவளின் கண்போல
என்று சொல்ல வந்தேன்.
வேண்டாம். ஒயில்தான் அது.

ஹட்டனில் வாங்கிய புதிய பேட், இன்னும் கடை மணம்.
எல்லாம் பூட்டி முடித்து மிதித்தால்
கால் அடிவரை போனது. ஒன்றுமில்லை.
இது தெரியாமல் ரோட்டில் இறங்கியிருந்தால்
முதல் வளைவிலேயே தேயிலைக்குள்.
பத்துத் தரம் மிதித்தேன். பதினோராவதில்
கீழிருந்து ஏதோ ஒன்று
பாதத்தைத் தாங்கிப் பிடித்தது.

மூன்று மாதமாகக் கத்திய பிரேக்.
கோயில் முடக்கில் கால் வைத்தேன் என்றால்
தகரத்தை ஆணியால் இழுத்த மாதிரி
கீழ்ப் பிரிவு முழுக்கக் கேட்கும்.
நான் லயத்துக்கு வந்து சேருமுன்
காம்பராக் கதவுகள் சாத்தியிருக்கும்.
அடுப்பு புகையும், ஆள் இருக்காது.
ஒரு பிள்ளை மட்டும் வெளியே நிற்கும்,
பாடமாக்கிய வரியோடு:
அம்மா டவுனுக்குப் போயிருக்கு.
நானும் புத்தகத்தில் எழுதுவேன்: ஆள் இல்லை.
அந்த ஒரு வரியில் அவளுக்கும் எனக்கும்
ஒரு கிழமை தப்பும்.

திங்கள் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த நேரம்,
சத்தமே இல்லாமல் போய் நின்றேன்.
செவனம்மா வாசலில் உட்கார்ந்து
அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்தாள்.
முகத்தைச் சரிசெய்ய
அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
நான் அந்த நேரம் முழுக்கப் பார்த்துவிட்டேன்.

"சேர், பைக்க மாத்திட்டீங்களா?"
இல்ல, பிரேக்தான்.
"நல்லது சேர். அந்தப் பள்ளத்துல நீங்க வாரதப் பாத்தாலே பயம்."
உண்மையாகத்தான் சொன்னாள்.
மடியிலிருந்து அறுநூறு எண்ணினாள்.
அதற்கு மேல் எண்ண ஒன்றுமில்லை.

அடுத்த திங்கள்.
கோயில் முடக்கில் எதிரே வண்டி இல்லை,
மாடு இல்லை, பனிகூட இல்லை.
ஹார்னில் கட்டைவிரலை வைத்து
நீளமாக அமுக்கினேன்.
எஞ்சினை நிறுத்திவிட்டு
ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை
இன்னொரு தரம் துடைத்தேன்.

கீழே ஒரு கதவு.
பிறகு இன்னொன்று.