அறுபதும் முந்நூறும்

டிஸ்க் தொண்ணூற்றாறு சதவீதம்.
முனிரத்தினம் சார் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.
"ஒரு நிமிஷக் கணக்கு யாருக்கும்மா வேணும்?
அஞ்சாக்கு. பழசையெல்லாம் மணிக்கணக்காக்கு.
புது டிஸ்க் தீபாவளி கழிச்சுப் பாக்கலாம்."

சத்துவாச்சாரி, மாடியறை, மே மாதம்.
ஏசி சர்வருக்கு.
சர்வரின் முதுகுக்காற்று எனக்கு.

ஆயிரத்து எண்ணூறு வீடுகள்.
யார் யாரிடம் என்ன பேசினார்கள், தெரியாது.
எங்கிருந்து, எங்கே, எப்போது, எத்தனை பைட்:
ரவுட்டர் அவ்வளவுதான் சொல்லும்,
கவரைப் பிரிக்காமல் எடைபோட்டு வைக்கிற
தபால் ஆபீஸ் தராசு மாதிரி.

இடைவெளி என்ற கட்டத்தில் அறுபது.
அதை அழித்து முந்நூறு அடிக்குமுன்
நேற்றைய இரவைச் சும்மா உருட்டிப் பார்த்தேன்.

கொசப்பேட்டை, இணைப்பு 1147.
விடிகாலை நாலு ஏழுக்கு ஒரு சின்ன மேடு.
ஒரே நிமிடம்.
முந்தாநாளும் நாலு ஏழு. அதற்கு முன்தினமும்.
பிறகு ஏழு மணிவரை அந்த வீடு சமதரை.

அலாரம் வைத்து எழுந்து யாரோ எதையோ பார்க்கிறார்கள்.
மார்க்கா, வேலைக்கான மெயிலா,
தூரதேசத்தில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில்
பச்சைப்புள்ளி எரிகிறதா என்றா.
எனக்குக் கேட்க உரிமையில்லை.

ஐந்து நிமிடத்தில் கரைத்தால்
மேடு ஐந்தில் ஒரு பங்காய்க் குனியும்.
மணிக்கணக்கில் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.
நாள்கணக்கில்
நாலு ஏழு என்றொரு நேரமே
அந்த வீட்டுக்கு வந்திருக்காது.
கூட்டல் மட்டும் சரியாக இருக்கும்,
ஒரு பைட் குறையாமல்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி
பாலத்தின்மேல் பைக்குகள் வரிசையாக நின்றன.
கீழே பாலாற்றில் தண்ணீர்!
ஸ்கூட்டியை நிறுத்தி நானும் எட்டிப் பார்த்தேன்.
கைப்பிடிச் சுவரில் ஒருவர் கற்பூரம் ஏற்றினார்,
காற்று அணைக்க அணைக்க ஏற்றினார்.
காலையில் வேலைக்குப் போகும்போது பழைய மணல்தான்.
மாதச் சராசரி போடுகிறவர்
ஓட்டம் இல்லை என்று எழுதினால்
அவர்மேல் தப்பில்லை.

போன் மறுபடி அடித்தது.
முந்நூறு. சேமி.
கடைசி மூன்று நாளை மட்டும் அறுபதிலேயே விட
ஒரு வரி கூடச் சேர்த்தேன். சாரிடம் சொல்லவில்லை.
எழுபத்தொன்று சதவீதம் என்றேன்.
"அதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

இன்று நாலு ஏழுக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.
வியாழன் வரைக்கும் அது இருக்கும்.