மாற்றுக் குறையவில்லை

ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு
சன்னல் வெயிலுக்குக் கொண்டுபோனேன்.
தராசில் ஏழு புள்ளி ஒன்பது எட்டு. சரி.
உரைகல்லில் இழுத்த கோடு
திராவகத்துக்கும் கலையவில்லை. சரி.

லென்ஸுக்கடியில்
ராஜாவின் தாடி, பிசைந்த மாவு.
குதிரைக் குளம்பருகே ஒரு கொப்புளம்.
விளிம்பு வரிகள் இரண்டு ஒட்டிப் பிறந்திருந்தன.

‘பொன் அசல். காசு போலி.’

உமையாளுக்குப் பிடிபடவில்லை.
பொன்னைக் கொண்டே பொய் செய்வானா ஒருத்தன்?
செய்வான். பொன்னுக்கு ஒரு விலை,
மேலே அடித்த வருஷத்துக்கு வேறு விலை.
தேவகோட்டையில் இது எனக்கு மூன்றாவது.

உச்சியில் வளையம் பற்றவைத்த வடு.
யார் கழுத்திலோ நாற்பது வருஷம் உரசியிருக்கிறது;
தேய்மானத்தில் மட்டும் கலப்பே இல்லை.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அவள் காசைச் சுற்றி வந்த காகிதத்தை
மேசையில் நீவிக்கொண்டிருந்தாள்.
‘பங்கு வைக்கும்போது கொழுந்தனார்
தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தது.
இதென்ன, மூலையில் ஒரு பெருக்கல் குறி?’

முந்தாநாள் ஐந்து காசு, ஐந்து காகிதம்.
கூலி நூறு ரூபாய்.
பென்சில் இன்னும் என் காதில்தான் இருந்தது.

எழுந்துபோய் ட்யூப்லைட்டைப் போட்டேன்.