துணையாள் பேசக் கூடாது

இன்வர்கார்கிலில் ஜூலை மாதம்
எட்டரைக்குத்தான் விடிகிறது.
அதற்குள் நாற்பது டஜன் சிப்பி திறந்துவிட்டு
கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி
இருக்கிற ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு வந்தேன்.
நீதிமன்ற வாசலில் யோப் நிற்கிறான்,
இருநூறு மாடு கறந்துவிட்டு வந்த டச்சுக்காரன்.
ஹெமி லாரியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு
எங்கள் எல்லோருடைய பார்க்கிங் மீட்டருக்கும்
சில்லறை பிரித்துக்கொண்டிருக்கிறான்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு, நம்பமாட்டீர்கள்.
சமுதாயக் கூடத்தில் மூன்று சனிக்கிழமை.
நடத்தியவள் டில்டா, ஓய்வுபெற்ற பிரசவத் தாதி.
அவனை முறைக்காதே.
கையை மடக்காதே,
பைக்குள் மடக்கினாலும் வெளியே தெரியும்.
அவளுக்கு வழக்குச் சொல்லித் தராதே,
அதற்கு வக்கீல் இருக்கிறார்.
குழந்தைக்கு எந்த வாக்கும் கொடுத்துவிடாதே.
"சுவர் மாதிரி நிற்கணுமா?" என்று யோப் கேட்டான்.
"சுவரை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.
நாற்காலி மாதிரி இரு."

இன்று நெரிஸுக்கு நான் நாற்காலி.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்:
துணையாள் உட்காரலாம். பேசக் கூடாது.
ஆகட்டும் மேடம்.
அதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால்
இதே கட்டடம், வேறு அறை.
என் படகுக் கூட்டாளி கேலம் நல்ல தகப்பன் என்று
ஒன்றரைப் பக்கம் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன்.
மகனுக்குத் தூண்டில் முடிச்சுக் கற்றுக்கொடுத்தவன்.
கை ஓங்கி நான் பார்த்ததில்லை.
ஒரு வரிகூடப் பொய் கிடையாது.
பையனின் மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்ததை
எழுதவில்லை, அவ்வளவுதான்.
கேலம் டீக்கோப்பையைக் கீழே வைக்கும்போது
அந்த வீட்டில் எல்லோரும்
கோப்பையையே பார்ப்பார்கள்.
அதையும் எழுதவில்லை.
கையெழுத்து மட்டும் முத்து முத்தாக.
பையனுக்கு வார இறுதிகள் விதிக்கப்பட்டன.
இப்போது அவனுக்குப் பதினேழு.
கடையில் என்னைக் கண்டால்
ரொட்டி அடுக்கைச் சுற்றிக்கொண்டு போகிறான்.
நான் கூப்பிடுவதில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொல்கிறார்:
தாய் பதற்றக்காரி,
மகளின் மனத்தைக் கலைக்கிறாள்.
நெரிஸ் நோட்டின் ஓரத்தைக் கிழிக்கிறாள்,
துணுக்குத் துணுக்காக, என் முழங்கை அருகே
ஒரு வெள்ளைக் குவியல்.
எதிரே அவன், புது டை, வழித்த முகம்.
கேலமும் அன்றைக்கு இப்படித்தான் மணந்தான்.
சிப்பியில் கத்தியை எங்கே நுழைப்பதென்று தெரியும் எனக்கு,
மூட்டில், லேசாக, அழுத்தாமல்.
அந்த வேலைக்கு இங்கே வரவில்லை.
தண்ணீர் டம்ளரை அவள் பக்கம்
இரண்டு அங்குலம் நகர்த்தினேன்.
இரண்டு மணி நேரத்தில் நான் செய்தது அது ஒன்றுதான்.
அவள் குடித்தாள். பிறகு பதில் சொன்னாள்.
தேதி, நேரம், டாக்டர் பெயர்.
குரல் ஒரு முறைதான் உடைந்தது.

ஒத்திவைப்பு. ஆகஸ்ட் பத்தொன்பது.
அதுவரை மேற்பார்வையில் மட்டும் சந்திப்பு.
ஹெமி "ஜெயிச்..." என்று ஆரம்பித்தான்,
யோப் அவன் காலை மிதித்தான்.

மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் ஐலா ஏறிக்கொண்டாள்.
ஏழு வயது. ஒரு கையுறையைத் தொலைத்திருந்தாள்.
"மீன் நாத்தம்" என்று மூக்கைச் சுளித்தாள்.
"சிப்பி" என்று திருத்தினேன்.
வண்டிக் கண்ணாடியில் ஆலங்கட்டி மழை.
முன்சீட்டில் நெரிஸ் தூங்கிவிட்டாள், வாய் திறந்தபடி.
இத்தனை மாதத்தில் அவள் தூங்கி நான் கண்டதில்லை.

"இனிமே நான் அங்கே போகவே வேண்டாம், இல்லையா?"
அம்மா எழுந்துவிடாத குரலில் கேட்டது குழந்தை.
டில்டாவின் சுட்டுவிரல் என் கண்முன் ஆடியது.
எது தெரியுமோ அதைச் சொன்னேன்.
பத்தொன்பதாம் தேதி, காலை ஒன்பதரை,
உங்கம்மா பக்கத்து நாற்காலி
காலியாக இருக்காது.

நம்பினாளோ என்னவோ.
கையுறை போட்ட கையால்
போடாத கையைப் பிடித்துக்கொண்டாள்.